அம்மன் மடத்தில் கேட்ட இத்தாலிக் கேள்வி

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருஷங்களாக மனம் அலைந்தது. தோட்டத்து வெங்காயத் தறையில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறும்போது முதல் வசனம் தானாக வரும். வீட்டுக்கு வந்து கால் கழுவித் திருநீறு பூசியதும், அம்மன் பார்த்த விஷயத்தை நான் வேறு எழுதவேண்டுமோ என்று விட்டுவிடுவேன். நான் அதிகம் படித்தவனும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை போனேன், அங்கே கணக்குப் பாடம் என்னை நிறுத்திவிட்டது. தோட்டமும் கோயிலும்தான் பிறகு.

இன்னொரு தயக்கமும் இருந்தது. எழுதினால் இகழ்ந்துதான் எழுதுவேன் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற நீங்கள் அப்படி எழுதலாமோ என்று மனைவி கேட்டாள். எழுதலாமோ தெரியாது, எழுதுகிறேன். அந்த ஆட்களை நினைத்து இரக்கப்படவேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டும் பார்த்தேன். வரவில்லை.

விஷயம், என் மகளைப் பெண் பார்த்த விஷயம்.

எங்கள் வேலணைப் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. மாப்பிள்ளை பகுதி பெண் வீட்டுக்கு வராது. இரண்டு பகுதியும் ஒரே நாளில் ஒரு கோயிலுக்குப் போகும். எங்களுக்கு அது கடல் தாண்டி நயினாதீவு அம்மன் கோயில். பூசை நேரம் அவர்கள் ஒரு பக்கம் நிற்பார்கள், நாங்கள் ஒரு பக்கம் நிற்போம். மாப்பிள்ளையின் தாய் பெண்ணைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொள்வார். கோயில் அன்னதான மடத்தில் சாப்பிட்டுவிட்டு அவரவர் படகேறி வந்துவிடுவோம். பெண்ணிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. சரிவந்தால் தரகர் வந்து சொல்லுவார். சரிவராவிட்டால், நாங்கள் கோயிலுக்குப் போனோம், வந்தோம், அவ்வளவுதான். இன்னாருடைய பிள்ளையைப் பார்த்துவிட்டு வேண்டாமென்றார்கள் என்று ஊரில் ஒரு வாய் திறக்க முடியாது. இந்த ஒழுங்கை முதலில் செய்தவர் யாரோ, பெண் பிள்ளை பெற்ற ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் உயர்தரம் முடித்து, மருத்துவ மாது பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டு இருந்தாள். மிட்வைஃப் என்று சொல்வோமே, அந்த வேலை. அந்த ஆசை அவளுக்கு எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். மனைவியின் தங்கை நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டவள். கடல் கொந்தளிக்கிற காலத்தில் அவளுக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்தெடுத்து, கரை சேருமுன் படகிலேயே பிள்ளை பிறந்தது. கூட வந்த மிட்வைஃப் அம்மாதான் இரண்டு உயிரையும் காப்பாற்றினார். சித்தி அந்தக் கதையைச் சொல்லும் போதெல்லாம், மகள் பிள்ளையைப் பற்றிக் கேட்கமாட்டாள். படகு அப்படி ஆடும்போது அந்த அம்மா எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று கேட்பாள்.

அந்த நேரத்தில்தான் தரகர் வந்தார். புங்குடுதீவுக்காரர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவருடைய வாயில் எல்லா மாப்பிள்ளையும் தங்கக்கம்பி, எல்லா மாமியாரும் தெய்வம். இத்தாலியில், பலெர்மோவில் ஒரு பெடியன் என்றார். சின்ன வயதில் போனவன், குடியில்லை, சிகரெட் இல்லை, தாய்க்கு ஒரே பிள்ளை. மாபிள் படி வைத்த வீடு, லிஃப்டும் இருக்கிறது. சாதகம் பொருந்தியது. ஒரே ஒரு விருப்பம்தானாம் தாய்க்கு: பிள்ளை இத்தாலி மொழி படித்து வைத்திருக்கவேண்டும்.

எனக்கு ஆசை இருக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். மகளைக் கேட்டேன். பயிற்சிக்கு இன்னும் கடிதம் வராத காலம் அது. மொழிதானே அப்பா, படிச்சால் என்ன குறைஞ்சுபோகும் என்று சொல்லி, யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸேறி வகுப்புக்குப் போனாள்.

இத்தாலியில் இருந்து திரும்பி வந்த ஒருவர் ஒரு கடையின் மேல்மாடியில் அந்த வகுப்பை வைத்திருந்தார். மொழி படிப்பித்தார் என்று சொல்லமாட்டேன். கேள்வியும் பதிலும் படிப்பித்தார். அங்கே போய் இறங்கினால் முதலில் கேட்கிற கேள்வி என்று ஒன்றை எல்லாருக்கும் பாடமாக்கிவிட்டார். கே லவோறோ வொறெஸ்ரி ஃபாறே. நீர் என்ன வேலை செய்ய விரும்புகிறீர் என்பது அதன் பொருள். பதிலும் ஒன்றுதான். வொறெய் அஸிஸ்ரெறே லி அன்சியானி. வயது போனவர்களைப் பராமரிக்க விரும்புகிறேன். அந்த வகுப்பில் மின்சார வேலை தெரிந்த பெடியன் ஒருவன் இருந்தான். கணக்கியல் படித்துப் பட்டம் எடுத்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒருவரும் இருந்தார். எல்லாரும் எழும்பி நின்று அதே விருப்பத்தைச் சொன்னார்கள்.

ஒருநாள் மகளைக் கூட்டிவரப் போனபோது அவரிடம் கேட்டேன்.

"மாஸ்ரர், எல்லாருக்கும் ஒரே விருப்பமோ?"

"அண்ணை, அங்கை இருக்கிற வேலை அதுதான். விருப்பத்தை இஞ்சை இறக்கி வைச்சிட்டுத்தான் பிளேன் ஏறவேணும்."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் வாயில் உமிழ்நீர் கசக்கிறது.

மகள் அவர் தந்ததோடு நிற்கவில்லை. போனில் இத்தாலிக்காரர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தானாகவும் படித்தாள். நாங்கள் தறையில் வெங்காயம் பிடுங்கிக் கட்டும்போது, "அப்பா, கேள்வியைக் கேளுங்கோ" என்பாள். நான் கேட்பேன், அவள் பதில் சொல்லுவாள். மனைவி, தகப்பனும் மகளும் வெங்காயத்துக்குப் பேச்சுப் பழக்கினம் என்று பகிடி பண்ணுவாள். இப்படியே அந்தக் கேள்வியும் பதிலும் எனக்கும் பாடமாகிவிட்டன. ஐயர் சொல்கிற மந்திரம் காதில் பதிவதுபோல, ஓசையாகப் பதிந்துவிட்டன. இத்தாலி மொழியில் எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு வசனம் மட்டும்தான்.

அவர்கள் விடுமுறைக்கு வந்தார்கள். ஒரு நல்ல நாள் பார்த்து நயினாதீவுக்குப் போவதென்று தரகர் ஒழுங்கு செய்தார். நயினாதீவுப் படகு புறப்படுகிற குறிகட்டுவான் துறையில் அவர்களை முதன்முதலாகக் கண்டோம். தாயும் மகனும் மட்டும் வந்திருந்தார்கள். தகப்பனுக்கு அங்கே லீவு கிடைக்கவில்லையாம்.

அந்த அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். படகுக்குள் இறங்கியதும் கைப்பைக்குள் இருந்து ஈரக் கடதாசி ஒன்றை எடுத்து, தான் இருக்கப்போகிற பலகையைத் துடைத்தார். துடைத்த கடதாசியை மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு இருந்தார். மனைவி சுடுதண்ணிப் போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். இங்கத்தைத் தண்ணி தனக்கு ஒத்துவராது என்று கையால் தள்ளினார். தரகரைப்போலப் புங்குடுதீவில் பிறந்து உவர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த தொண்டை அது. அந்தத் தண்ணீரில் கொதித்த தேத்தண்ணி இப்போது ஒத்துவரவில்லை.

படகு இரைச்சலுக்கு மேலால் அவருடைய பேச்சுத்தான் கேட்டது. எங்களுக்குச் சொல்வதுபோல முழுப் படகுக்கும் சொன்னார். அங்கே வீதியில் ஒரு குப்பை காணமுடியாதாம். தன் முழங்கால் தேய்ந்துவிட்டதாம், மாபிள் படியில் ஏற ஏலாதாம், இனி வீட்டை மருமகள்தான் பார்க்கவேணுமாம். வயது போன மாமியார் இப்படிச் சொல்வது வழமைதானே என்று நானும் தலையாட்டினேன். மகன் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

பூசை தொடங்கியது. தீபம் காட்டும்போது கண்ணை மூடமுன் ஒருதரம் அந்தப் பக்கம் பார்த்தேன். அந்த அம்மாவின் பார்வை அம்மனில் இல்லை, என் மகளில் இருந்தது. அது ஒழுங்குதான், அதற்குத்தானே வந்தோம். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கும்பிட்டுக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும்போது நான் அப்படிப் பார்ப்பதுண்டு. அப்போது எனக்கு அது மூளையில் ஓடவில்லை.

சாப்பாட்டுக்குப் பந்தி வைக்க நேரம் இருந்தது. மடத்து விறாந்தையில் இருந்தோம். அப்போதுதான் அந்த அம்மா போனில் முகம் தெரிகிற வீடியோவில் யாரையோ எடுத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வாரும். இவவோடை ரெண்டு வசனம் கதையும்."

மனைவி என் கையைப் பிடித்தாள். மடத்தில் வைத்துப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசவிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. தரகரைப் பார்த்தேன். அவர் தூணைப் பார்த்தார்.

போனில் ஒரு வெள்ளைக்காரி தெரிந்தா. அங்கே அப்போது காலை நேரம், கையில் கோப்பிக் கோப்பை. அந்த முகம் தெரிந்தவுடன் எங்கள் சம்பந்தியாக வரவிருந்த அம்மா கதிரையை விட்டு எழும்பினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பை இழுத்து விட்டார். படகு முழுக்கக் கேட்ட குரல் இப்போது நூலாகிவிட்டது. சின்யோறா, சின்யோறா என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஒருதரம் குனிந்தார். அம்மன் சந்நிதியில் அவர் அப்படிக் குனியவில்லை.

பிறகு போனை மகளின் முகத்துக்கு நேரே பிடித்தார். அந்தப் பெண் வணக்கம்போல ஏதோ சொல்லிச் சிரித்தா. அடுத்து ஒரு கேள்வி கேட்டா.

கே லவோறோ வொறெஸ்ரி ஃபாறே.

என் வெங்காயத் தறையில் நான் கேட்ட கேள்வி, எழுத்து மாறாமல் இத்தாலியில் இருந்து வருகிறது. பதில் எனக்குத் தெரியும். என் உதடு தானாக அசைந்தது.

மகள் போனில் தெரிந்த முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு "வொறெய்" என்று தொடங்கினாள். அதுவரை சரி. அதற்குப் பிறகு வந்த ஓசை வேறு. அன்சியானி வரவில்லை. ஒஸ்தேத்ரிக்கா என்று நான் கேளாத ஒரு சொல் வந்தது. அதோடு நிறுத்தாமல், யோசித்து யோசித்து, தவறினால் திரும்பத் தொடங்கி, சொல்லிக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் இடது கையை நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள். மொழி விளங்காத எனக்கு அந்தக் கை விளங்கியது. அது படகு. நெடுந்தீவுப் படகைத்தான் சொல்கிறாள்.

வெள்ளைக்காரி கோப்பையைக் கீழே வைத்தா. ஏதோ கேட்டா, மகள் பதில் சொன்னாள். பிறகு அந்தப் பெண் மகளோடு பேசுவதை விட்டு, அந்த அம்மாவைப் பார்த்து நீளமாகப் பேசினா. சத்தம் போடவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா தலையாட்டி, ஓம் ஓம் என்பதுபோல சி, சி என்று சொல்லி, போனை நிறுத்தினார். எங்களைப் பார்த்து முகத்தை மாற்றிக்கொண்டார்.

"சரி. அவவுக்குப் பிள்ளையை நல்லாப் பிடிச்சிட்டுதாம்."

"அம்மா, அவ அப்பிடிச் சொல்லேல்லை."

அன்று முழுக்க வாய் திறவாத மாப்பிள்ளை பேசிய முதல் வசனம் அது. பேசாமல் இரடா என்று தாய் சொன்னார். நான் விடவில்லை. தம்பி, என்ன சொன்னவ என்று கேட்டேன். தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி அவன் சொன்னான்.

"என்ன வேலை செய்ய விருப்பம் எண்டு அவ கேட்டவ. இவ, பிள்ளைப்பேறு பாக்கிற வேலை, இஞ்சை தீவிலை செய்ய விருப்பம் எண்டு சொன்னவ. அப்ப அவ சொல்லுறா, அது நல்ல வேலை, அதை விட்டிட்டு ஏன் இந்தப் பிள்ளையை என்ரை அம்மாவைப் பாக்கக் கூட்டிவாறீர் எண்டு எங்கடை அம்மாட்டைக் கேட்டவ."

"ஆரின்ரை அம்மாவை, தம்பி?"

"அந்த வீட்டிலை ஒரு வயது போனவ இருக்கிறா. எங்கடை அம்மாதான் பாக்கிறவ. அம்மாவுக்கு இப்ப முழங்கால் ஏலாது. அந்த இடத்துக்கு..."

மாபிள் படி யாருடைய வீட்டுப் படி என்று விளங்கிவிட்டது. வேலையோடு சேர்ந்து இருப்பதற்கு அறையும் கிடைக்கிற இடம். அதை வெளி ஆளுக்கு விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதற்கு ஒரு மருமகள் தேவைப்பட்டாள். கைகளைப் பார்த்தது அதற்குத்தான். அம்மன் வாசலில் நடந்தது வேலைக்கு ஆள் எடுக்கிற பரீட்சை. ஐயர் பொருத்தம் பார்த்துத் தந்த சாதகம் அந்த வேலைக்கு அனுப்புகிற விண்ணப்பமாக இருந்திருக்கிறது.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். வயது போனவர்களைப் பார்க்கிற வேலையை நான் இகழவில்லை. என் மாமியாரைக் கடைசிக் காலத்தில் நானும் மனைவியும்தான் தூக்கிக் குளிக்க வார்த்தோம். அதைவிடப் பெரிய பூசை நான் செய்ததில்லை. அந்த அம்மா நேராக வந்து, இதுதான் வேலை, இதுதான் வீடு, என்னால் இனி ஏலாது, பிள்ளை வந்து உதவுமோ என்று கேட்டிருந்தால் கதிரை போட்டு இருத்திப் பதில் சொல்லியிருப்பேன். அவர் செய்கிற வேலையால் அவர் சின்ன ஆளாகவில்லை. அந்த வேலையை ஒளித்து, அதன் படிகளைத் தன் படிகளாகச் சொல்லி, எங்கள் படகுப் பலகையைத் துடைத்துவிட்டு இருந்தாரே, அதுதான் சின்னத்தனம்.

அந்த அம்மா என் மகளைப் பார்த்துக் கேட்டார்:

"உம்மை ஆர் இவ்வளவு கதைக்கச் சொன்னது?"

"நீங்கள்தானே மாமி, கதையும் எண்டு போனைப் பிடிச்சனீங்கள்."

இது மட்டும்தான் என் மகள் அவருக்குச் சொன்னது. தமிழில், மாமி என்று முறை வைத்து, குரல் உயர்த்தாமல் சொன்னாள். இத்தாலி மொழியில் அவரோடு அவள் ஒரு சொல்லும் பேசவில்லை.

பிறகு பந்தியில் இருந்தோம். அம்மன் சோற்றை விட்டுவிட்டு எழும்பிப் போக முடியாது. திரும்பும்போதும் ஒரே படகு, ஏனென்றால் அப்போது இருந்தது அது ஒன்றுதான். அந்த அம்மா பலகையைத் துடைக்காமலே இருந்தார். சேலையில் எண்ணெய் பிசுக்குப் பட்டதை நான் பார்த்தேன். சொல்லவில்லை.

ஒழுங்குப்படி கதை அங்கே முடிந்திருக்கவேண்டும். கோயிலுக்குப் போனோம், வந்தோம். நாங்கள் வாயே திறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வேலணையில் எங்கள் கோயிலுக்குப் போனபோது, என் மகள் மாப்பிள்ளையின் தாயை இத்தாலி மொழியில் திட்டினாள் என்று கதை எனக்கு முன்னமே வந்து நின்றது. இன்னும் கொஞ்ச நாளில் அந்தத் திட்டு கெட்ட வார்த்தையாகி, தூசணமாகிவிட்டது. பிறகு போனைப் பறித்து எறிந்தாள் என்றார்கள். அம்மன் சந்நிதியில் வைத்து வேலைக்காரி என்று ஏசினாள் என்றார்கள். இத்தாலியில் காலை வணக்கம் சொல்லத் தெரியாத வாய்கள், அவள் இத்தாலியில் என்ன சொல்லித் திட்டினாள் என்பதை விளக்கம் வைத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தன. மண்கும்பானில் ஒரு இடம் பேசிவந்தது. பிள்ளை வாய்க்காரியாம் என்று அது நின்றுவிட்டது. இன்னொன்றும் அப்படியே போனது.

தரகரிடம் போனேன். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களே, நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். தான் போன் பக்கம் நிற்கவில்லை என்றார். தூணின் மேல் அவருக்கு அவ்வளவு பக்தி. மாப்பிள்ளை அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் ஊரில் நின்றான். மடத்தில் ஒருதரம் உண்மை பேசிய அந்த வாய், ஊரில் அதைத் திரும்பச் சொல்லவில்லை. மண்கும்பான் கடலில் குளித்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். மன்னியுங்கள் என்று இத்தாலியில் ஒரு வரி மகளுக்கு அனுப்பினானாம். அவள் அழித்துவிட்டாள். ஊரே தமிழில் பேசுகிறது, மன்னிப்பு மட்டும் எங்கள் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் விளங்குகிற மொழியில் வருகிறது. அந்தத் தாய்க்கு ஏற்ற பிள்ளை.

அப்போதே எழுதவேண்டும் என்று துடித்தேன். மகள்தான் மறித்தாள். விடுங்கோ அப்பா, எனக்குக் கடிதம் வந்திட்டுது, நான் படிக்கப்போறன் என்றாள். போனாள், படித்தாள். இப்போது இந்தத் தீவுகளில்தான் வேலை. மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராகப் பாலத்தால் போவாள். கலியாணப் பேச்சு இன்னும் சரிவரவில்லை. அம்மன் ஒரு வழி வைத்திருப்பா என்று நாங்கள் இருக்கிறோம்.

பிறகு ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன மாதம் நடந்த ஒன்றுக்காக. பிள்ளை பிறந்து சில நாளான ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறாள். குழந்தையைத் தூக்கித் தராசில் நிறுத்துக்கொண்டு நிற்கும்போது, அந்த வீட்டில் பெரியம்மா முறையான ஒருத்தி வாசலில் நின்று கேட்டாவாம்: நீர்தானே நயினாதீவிலை மாமியாரைத் தூசணத்திலை ஏசின பிள்ளை, இந்தப் பகுதிக்கு வேறை மிட்வைஃப் இல்லையோ என்று. பிள்ளை பெற்றவ குனிந்துகொண்டு இருந்தாவாம். மகள் நிறையைப் பதிந்து, குழந்தையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அடுத்தமுறை போனபோது அந்த வீட்டு வேலிக்கதவு, படலை, பூட்டிக் கிடந்தது. உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டதாம்.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, கலியாணம் வராட்டில் போகட்டும். பிள்ளை பெத்த வீட்டுப் படலையைப் பூட்டினால் நான் என்ன செய்யிறது? எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். அந்த வெள்ளைக்காரியை நான் மறுபடி காணப்போவதில்லை. ஆனால் இவ்வளவு பேருக்குள்ளும், என் மகளிடம் நீர் என்ன செய்ய விரும்புகிறீர் என்று பதிலை அறிவதற்காகவே கேட்டவர் அவர் ஒருவர்தான். வகுப்பு மாஸ்ரர் அப்படிக் கேட்கவில்லை, தரகர் கேட்கவில்லை, வெங்காயத் தறையில் நானும் பாடம் ஒப்புவிக்கத்தான் கேட்டேன். அவருக்காக அம்மனிடம் ஒரு விளக்கு வைத்தேன். மற்றவர்களுக்கு வைக்கவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் ஊரிலும் இருப்பீர்கள், வெளியிலும் இருப்பீர்கள். ஒரே ஒரு உதவி கேட்கிறேன். பஸ்ஸிலோ படகிலோ பலெர்மோவிலோ இந்தக் கதை வந்தால், இங்கே இருக்கிறபடி சொல்லுங்கள். கேள்வி ஒன்று, அதற்கு அவள் சொன்ன பதில் ஒன்று, மாமி என்று முறை வைத்துச் சொன்ன தமிழ் வசனம் ஒன்று. அந்த அம்மா அழுதார் என்று சேர்க்கவேண்டாம், அவர் அழவில்லை. என் மகள் நல்ல பாடம் படிப்பித்தாள் என்றும் சேர்க்கவேண்டாம், அவள் யாருக்கும் பாடம் படிப்பிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொல்ல ஏலாதென்றால் பேசாமல் இருங்கள். உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்து அவள் பெட்டியோடு வந்து நின்றால், படலையைத் திறந்துவிடுங்கள்.